கோமளவல்லி தைக்கச் சொன்ன பூட்ஸ்

திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஜம்புலிங்கத்துக்கு ஒரு லாயம் இருந்தது. ஒரு ஜட்கா, இரண்டு குதிரைகள். ரயிலில் வந்து இறங்குகிற பக்தர்களை மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடுவதுதான் பிழைப்பு. முகூர்த்த நாட்களில் வெள்ளைப் பெண்குதிரை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகும். 1971 கார்த்திகையில் அவன் இறந்துபோனான். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அந்த வருஷம் ஆடியில் அவனுக்கு டைபாய்டு வந்து பிழைப்பானா என்று இருந்தபோது, அக்கா கௌரியம்மாள் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். தம்பி எழுந்துவிட்டால் அடுத்த ஆடிக் கிருத்திகை வரை காலில் செருப்பு போடமாட்டான் என்று வேண்டுதல். புருஷனை இழந்து, தம்பி வீட்டோடு வந்து இருந்தவள் அவள். அவளுக்கு அவனை விட்டால் வேறு யாரும் இல்லை. ஜம்புலிங்கம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். "அக்கா வேண்டிக்கிச்சு, நான் நடக்கறேன்" என்று சொல்லி, செருப்பைப் பரண்மேல் போட்டான்.

ஐப்பசி மழையில் லாயத்து மண் சேறாகிக் கிடந்தது. லாடம் அடித்தபோது விழுந்த பழைய ஆணி ஒன்று குதிகாலில் ஏறியது. பிடுங்கிப் போட்டு, காயத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வண்டி ஓட்டப் போய்விட்டான். ஒரு வாரம் கழித்துச் சாப்பிட வாயைத் திறக்க முடியவில்லை. மறுநாள் உடம்பு வில்லாக வளைந்தது. ஆஸ்பத்திரியில் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார்கள். அங்கிருந்து அவன் திரும்பவில்லை.

அவனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் யூனிஸ், அவன் மனைவி கோமளவல்லியைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "நீங்களும் அந்த லாயத்துல வேல செய்றவங்கதானே? குதிர லத்தியிலயும் மண்ணுலயும் இருக்கற கிருமிம்மா இது. ஆணி அதுக்கு வழி உட்டுச்சு, அவ்ளோதான். இனிமே வெறுங்காலோட உள்ள போவாதீங்க." சொன்னதோடு நிற்காமல் அவளுக்கும் ஊசி போட்டு அனுப்பினாள்.

காரியம் முடிந்ததும் பள்ளிப்பட்டிலிருந்து வந்த அவளுடைய அண்ணன்மார்கள் குதிரைகளை விற்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார்கள். வீட்டில் தறி இருந்தது, பாவு ஓட்ட ஆள் வேண்டும். கோமளவல்லி மாட்டேன் என்றாள். "அது ரெண்டும் என் குரலக் கேட்டாத்தான் புல்லுல வாய வைக்குது. அதுங்கள யாருகிட்ட உடச் சொல்றீங்க?" என்றாள். அண்ணன்மார்கள் ஊருக்குத் திரும்பினார்கள். ஸ்டேஷன் சவாரிக்கு ஆனந்தன் என்கிற வண்டிக்காரனை வைத்துக்கொண்டு, லாயத்தை அவளே பார்த்தாள்.

முதல் நாள் பரணிலிருந்து புருஷனின் டயர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள். வாசலிலேயே கௌரியம்மாள் கத்தினாள்.

"கழட்டு அத! என் தம்பி போடாம செத்தான். அவன் செருப்பப் போட்டுகினு நிக்கிறியே, உனக்கு மனசு எப்படி வந்துச்சு?"

கோமளவல்லி கழற்றவில்லை. ஆனால் அது அவள் காலுக்கு மிகப் பெரிது. சேற்றில் வைத்த அடி செருப்போடு எழவில்லை. கடைத்தெருவில் கான்வாஸ் ஷூ வாங்கிப் பார்த்தாள். குதிரை மூத்திரம் ஊறி, மழை முடியுமுன் அடி விட்டுப் போயிற்று. பிறகு முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ். தண்ணீர் புகவில்லைதான், ஆனால் உள்ளே வேர்த்துப் பாதம் வெளுத்துச் சுருங்கியது. ஒருநாள் பழுப்புக் குதிரை பக்கவாட்டில் நகர்ந்து அவள் கால்மேல் குளம்பை வைத்தபோது, அந்த ரப்பர் துணியைப் போல மடங்கிக் கொடுத்தது. கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது.

தையில் இன்னொரு சிக்கல் வந்தது. குதிரைகளைக் குளிப்பாட்ட நந்தியாற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். திருப்பதி ரோட்டில் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு பறக்கும். இரண்டையும் கையில் பிடித்து நடத்திப் போவது உயிரோடு விளையாடுவது. ஒன்றின் மேல் ஏறிக்கொண்டு மற்றதைப் பக்கத்தில் பிடித்துப் போனால் இரண்டும் அடங்கி வரும். ஜம்புலிங்கம் அப்படித்தான் போவான். அவளும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். காலில் மறுபடியும் அந்த டயர் செருப்பு.

இறங்கும்போது விபத்து நடந்தது. சேணத்திலிருந்து தொங்கும் இரும்பு வளையத்துக்குள், அங்கவடிக்குள், செருப்போடு கால் கணுக்கால் வரை நழுவிப் போய் மாட்டிக்கொண்டது. அவள் மல்லாந்து விழுந்தாள். வெள்ளைக் குதிரை மிரண்டு நாலெட்டு இழுத்தது. "ஹோ, ஹோ" என்று அவள் அலறிய குரலுக்கு எப்படியோ நின்றுவிட்டது. முதுகெல்லாம் சிராய்ப்பு. ஆற்று மணலில் உட்கார்ந்தபடி, தன் காலையும் அந்த வளையத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அங்கவடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிலையத்தருகே செருப்பு தைக்கும் பெருமாளிடம் போனாள். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இத இன்னாம்மா என்கிட்ட கொணாந்துக்கினு வந்திருக்க? கொல்லன் கிட்டல்ல போவணும்."

"இதுக்குள்ள போற மாதிரி ஒரு பூட்ஸ் தைக்கணுங்க. எனக்குத்தான். லாயத்துலயும் அதத்தான் போடுவேன்."

பெருமாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஜம்புலிங்கத்தின் மனைவி என்று தெரிந்துகொண்டதும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். "பொம்பளைக்கு நான் பூட்ஸ் தச்சதில்லம்மா. ஆனா கால் கால்தானே. வை."

காகிதத்தில் அவள் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். டயர் அடி போட்டால் வருஷக் கணக்கில் தேயாது என்றார். ஒரு டயர் துண்டை எடுத்து வளையத்தில் வைத்து இருவரும் அழுத்திப் பார்த்தார்கள். டயரின் பள்ளங்கள் இரும்பைக் கவ்விக்கொண்டன.

"வோணாங்க. வுழுந்தா கால் டக்குனு வெளிய வரணும்" என்றாள் கோமளவல்லி.

"அப்போ வழவழன்னு தோல் அடி. ரெண்டு அடுக்கு. பின்னால ஒரு விரல் ஒசரம் குதி வச்சிர்றேன், வளையத்துக்குள்ள முழுசா பூராது."

"கணுக்காலுக்கு மேல வரணும். முன்னால மட்டும் தோல் தடியா இருக்கட்டும், குதிர மிதிக்குது."

"ஆங். ஆணி அடிக்க மாட்டேன். எல்லாம் தையல்தான்" என்றார் பெருமாள்.

பூட்ஸ் வந்தபோது மரக்கட்டைபோல விறைப்பாக இருந்தது. பெருமாள் சொன்னபடி விளக்கெண்ணெய் தடவித் தடவிப் பழக்கினாள். நனைந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தினாள். பங்குனிக்குள் அது அவள் காலோடு சேர்ந்துவிட்டது. தாலி அறுத்த பெண் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குதிரையில் போகிறாள் என்று ஊரில் பேசினார்கள். அது காதில் விழுந்தபோது வலித்தது. வீட்டுக்குள் கௌரியம்மாள் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். தட்டில் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். வலி அதில்தான் அதிகம்.

சித்திரையில் கௌரியம்மாள் தானாக லாயத்து வேலைக்கு இறங்கினாள். வெறுங்காலோடு. கோமளவல்லி தடுத்தும் கேட்கவில்லை. விடிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு லத்தியிலும் சேற்றிலும் நடந்தாள். ஒருநாள் மத்தியானம் கொள்ளுத் தொட்டியருகே கிடந்த தகரம் அவள் உள்ளங்காலைக் கிழித்தது. ரத்தம் ஒழுக, அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஆனந்தன் சாப்பிடப் போயிருந்தான். கோமளவல்லி ஜட்காவைப் பூட்டினாள். கௌரியம்மாள் ஏற மறுத்தாள். அவளை அப்படியே இடுப்போடு சேர்த்துத் தூக்கி வண்டிக்குள் உட்காரவைத்தாள். பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்ன உட்ரு கோமளா. வேண்டுதல் பாக்கி கிடக்குது. அவன் நடக்காத மிச்சத்த நான்தான் நடந்தாவணும். நான்தானே வேண்டிக்கினேன்."

கோமளவல்லி கடிவாளத்தை இழுத்து வண்டியை ஓரமாக நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள். பேசாமலிருந்த மாதங்களில் அந்த முகம் எவ்வளவு ஒடுங்கிவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணி, அவர் பொழைக்கணும்னுதானே வேண்டிக்கினீங்க. ஆணி குத்துன அன்னிக்கு நான் பக்கத்துலதான் இருந்தேன். சுண்ணாம்பு எடுத்துக் குடுத்ததே நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எனக்கு மட்டும் சொல்லத் தோணுச்சா?"

கௌரியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"பாக்கிய நடங்க, நான் தடுக்கல. தெருவுல நடங்க, மலப் படியில நடங்க. லாயத்துக்குள்ள மட்டும் வோணாம். இன்னொரு வாட்டி அந்த ஆஸ்பத்திரி வாசல்ல என்னால நிக்க முடியாது அண்ணி."

யூனிஸ் காயத்தைக் கழுவித் தையல் போட்டாள், ஊசியும் போட்டாள். அடுத்து வந்த நாட்களில் கௌரியம்மாள் வாயைத் திறந்து சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் கோமளவல்லி எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

ஆடிக் கிருத்திகையன்று கௌரியம்மாள் பால்குடம் எடுத்துப் படியேறினாள். தம்பிக்காக நடக்க வேண்டியதை நடந்து முடித்துவிட்டு, சாயங்காலம் இறங்கி வந்தாள். ஆவணியில் அவளே பெருமாளிடம் போய்க் காலை நீட்டினாள். கணுக்கால் வரை மூடிய, குதி இல்லாத தோல் செருப்பு. அவள் குதிரை ஏறப்போவதில்லை. போட்ட முதல் வாரம் முழுக்கக் கடித்தது. முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டாள்.

அதன்பின் அந்த லாயத்தில் வேலைக்கு வந்தவர் யாராக இருந்தாலும், காலில் ஏதும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆனந்தனுக்கும் ஒரு ஜோடி வந்தது. கோமளவல்லியின் பூட்ஸுக்குப் பெருமாள் பலமுறை அடி மாற்றித் தைத்தார். மேல்தோல் கடைசிவரை கிழியவில்லை.

அந்த வருஷக் கார்த்திகையில், ஜம்புலிங்கத்தின் முதல் வருஷத் திதியன்று வண்டி பூட்டவில்லை. படையல் முடிந்து இருவரும் லாயத்தில் குதிரைகளுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தபோது, கௌரியம்மாள் தம்பியின் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். அவன் போனதிலிருந்து அவள் சொல்லாத பெயர். சின்ன வயதில் அவன் அப்பாவின் குதிரை மேல் திருட்டுத்தனமாக ஏறி, இறங்கத் தெரியாமல் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததைச் சொன்னாள். கோமளவல்லிக்கு அது தெரியாத கதை. கையில் புல்லோடு அப்படியே நின்று கேட்டாள்.

"அப்புறம் இன்னா ஆச்சு அண்ணி?" என்றாள்.