பூவைக் கிள்ளிய கை

1. முதல் நாள்

நகரத்தில் பொலிதேயாமாப் பகுதியில் நான் வேலை செய்த வீட்டு அம்மா, சிஞோரா, மகளோடு மிலானுக்குப் போய்விட்டார். என் வதிவிட அனுமதி, இங்கே பெர்மெஸ்ஸோ என்பார்கள், முடிய மூன்று மாதம்தான். புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். மன்னார்க்கார மெற்றில்டா அக்காதான் தான் வேலை செய்யும் கூடாரத்துக்குக் கூட்டிப்போனார். அரசாங்க அனுமதியோடு போதையில்லாத கஞ்சா வளர்க்கும் இடம்.

"கஞ்சாவோ? அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுவன்?"

"பூந்தோட்டம் எண்டு சொல்லு. பொய்யில்லையே!"

முதலாளி நீனோ ஒப்பந்தத்தை ஜீப்பிலேயே வைத்திருந்தார். வேலையைப் பார்த்துத்தான் கையெழுத்து. "பெரிய இலை பூவுக்கு நிழல் போடுது. அதை எடு" என்று காட்டிவிட்டுப் போனார்.

நான் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவள். அங்கே பூ தலைகாட்டினால் கிள்ளி எறிவோம். அக்காவோடு கோயில் பெருநாள் கதை கதைத்தபடி, இலையோடு நுனிப் பூவையும் கிள்ளிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு வரிசை முழுக்க!

நீனோ வந்து நிலத்தில் கிடந்த பூக்களைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "ஆர் செய்தது?"

"காத்து முறிச்சது எண்டு சொல்லடி" என்று அக்கா காதைக் கடித்தார். மூடிய கூடாரத்துக்குள் என்ன காற்று?

"நான்தான். எங்கட புகையிலைக்கு இலைதான் காசு. பூவைக் கண்டா என்ர கை நிக்காது."

"இஞ்சை நான் விக்கிறதே பூவைத்தான், சிஞோரா!" தலையில் கைவைத்தார். பிறகு சொன்னார்: "இந்த வரிசை இனி உன்ர. தேத்திக் காட்டு. பிறகு கையெழுத்து."

2. என் வரிசை

கிள்ளிய செடிகள் பக்கமெல்லாம் கொப்பு வெடித்து அடர்ந்தன. நடுவில் வெளிச்சமுமில்லை, காற்றுமில்லை. விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு செடியில் இலை முழுவதையும் எடுத்து மொட்டையாக்கிப் பார்த்தேன், வளராமல் நின்றுவிட்டன. வெயிலில் நிற்கும் இலைதான் செடிக்குச் சமைக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. எடுக்க வேண்டியது, உள்ளே நிழலில் மஞ்சளாகி நிற்பதையும் பூவை மறைப்பதையும் மட்டும்.

"வேலையில்லாமல் இருந்து தின்னுற இலை. எங்கட வீட்டிலயும் ஒண்டு சோபாவில கிடக்கு" என்றார் அக்கா, தன் மனுசனை நினைத்து.

கொஞ்சம் எடுப்பேன், நாலு நாள் விடுவேன், பிறகு கொஞ்சம். மற்ற வரிசைகளுக்குப் பிந்தி, சின்னதாக, ஆனால் கொப்புக்குக் கொப்பு பூ வந்தது. நீனோ ஒரு கொப்பை விலக்கி உள்ளே பார்த்தார். ஜீப்புக்குப் போய், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தோடு வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெர்மெஸ்ஸோ முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களே, கை பழகியது என்று கையை நம்பாதீர்கள். முதல் இலையைத் தொடுமுன் வெட்கப்படாமல் கேளுங்கள்: "இஞ்சை விக்கிறது எதை?"