கட்டையின் மேல்முனை

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது. வீரபத்திரனின் வலது அக்குளை நான் என் கண்ணால் பார்த்தவன்.

வீரபத்திரன் அம்மையார்குப்பத்தில் தறி நெய்பவன். 1974இல் சைக்கிளிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. மாவுக்கட்டு பிரித்ததும், மனைவி அம்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டு திருத்தணி மலைப்படி ஏறினான். பாதியில் மூச்சு முட்டியது. கால் குணமானவர்கள் வேண்டுதலாக விட்டுப்போன ஊன்றுகட்டைகள் அங்கே வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து வலது அக்குளில் கொடுத்தான்.

"வேணாம் பாவா. சாமிக்கு உட்டது அது" என்று புருஷனைத் தடுத்தாள் அம்சா.

"திரும்ப வச்சிடப் போறேன். சும்மா வா."

உச்சிவெயில். கட்டையின் மேல்முனை மட்டும் சில்லென்று இருந்தது.

டக்... டக்... ஏறினான்.

கொஞ்ச நேரத்தில் அக்குளில் மரம் உறுத்தவில்லை. மெத்தென்று இருந்தது.

பிறகு அது இறுகியது.

பிறகு... ஒன்றுமே தெரியவில்லை. கை மரத்துவிட்டது. மணிக்கட்டு துவண்டு தொங்கியது. பயம்கூட வரவில்லை.

கட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அம்சாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அடிவாரத்தில் டாக்டர் இளங்கோவன் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

"கைக்குப் போற நரம்பெல்லாம் அக்குள்ள ஒரே கொத்தா, ரத்தக் குழாயைச் சுத்தி இருக்கு. உடம்பு பாரத்தை அதுமேல போட்டா நசுங்கிடும். தானா சரியாகும்" என்றபடி கையைத் தூக்கிப் பார்த்தவர் பேச்சை நிறுத்தினார்.

"யாருய்யா இப்படிப் புடிச்சுத் தொங்கினது?"

அக்குளின் முன்சதையில் பெருவிரல் பதிந்ததுபோல் ஒரு கருநீலத் தடம். பின்சதையில் நாலு.

"தறியில நாடா ஓட கயிறு இழுக்கிற கைங்க இது. வந்துடுமா?" வீரபத்திரன் அது ஒன்றைத்தான் கேட்டான்.

வந்தது. விரல் விரலாக வந்தது. ஒவ்வொரு விரலுக்கும் பின்சதையில் ஒரு தடம் மறைந்தது. நாலு விரல் அசைந்தன.

பெருவிரல் அசையவில்லை. தறி நின்றது.

தை மாதம் மறுபடி மலைக்குப் போனான். படியோரம் பூ விற்கும் கெங்கம்மாளிடம் அந்தக் கட்டையைக் காட்டிக் கேட்டான்.

"அதுவா? வேண்டுதல் கட்டை இல்லப்பா அது. ஒருத்தரு ஏற முடியாம இங்கயே உழுந்து செத்தாரு. மேல்முனையைப் புடிச்சுகினே... நாலு வெரல ஒண்ணொண்ணா பிரிச்சோம்."

"அஞ்சாவது?"

"அது மட்டும் வரவே இல்ல. ஒடிச்சுத்தான் எடுத்தாங்க."

வீரபத்திரன் சட்டைக்குள் இடது கையை விட்டு, மிச்சமிருந்த தடத்தைத் தொட்டான்.

சில்லென்று இருந்தது.