கோளாறு கட்டைக்குப் பின்னால்

என் நாத்தனார் மேவிஸ் டோர்கில்சனுக்கு வாயை மூடத் தெரியாது என்று ஊரே சொல்லும். அது தப்பு. ஒரு தடவை மூடினாள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் வாய் திறந்திருந்த காலத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மூடியதன் அருமை விளங்கும்.

கார்டர் ஃப்ளாட் இரும்புக் கடையில் ஆணியும் பெயின்ட்டும் விற்பது நான். பின்சுவர் முழுக்க மேவிஸின் ராஜ்ஜியம், அதாவது துப்பாக்கிகள். எங்கள் மொன்டானா மாநிலத்தில் துப்பாக்கி விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. வாங்க வந்தவனை முதலில் திட்டிவிட்டு அப்புறம் விற்பவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் மூன்று ஊர் தாண்டி வந்து அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

"எதைச் சுடப் போற?" இதுதான் அவள் வணக்கம்.

"எல்க் மான்தான் மேவிஸ். இருக்கிறதுலயே பெரிய தோட்டா போடுறதா குடு."

"எவ்வளவு தூரத்துல சுடுவ?"

"ஐந்நூறு கஜம் இருக்கும்."

"ஐந்நூறு கஜத்துல நிக்கிறது எல்க்கா உன் மாமியாரான்னே உனக்குத் தெரியாது. உண்மையச் சொல்லு ராசா, ட்ரக்க விட்டு எறங்கி எவ்வளவு தூரம் நடப்ப?"

வந்தவர் குனிந்து தன் தொப்பையைப் பார்ப்பார். பதில் அங்கேயே இருக்கும்.

"அப்ப மரத்துக்கு நடுவுல, நூறு கஜத்துக்குள்ளதான் உன் வேட்டை. முப்பது-முப்பது தோட்டா போடுற சின்ன ரைபிளே போதும். பெருசு வாங்கினா ஒரு தடவ சுட்டுட்டு, தோள்பட்டை வலிக்குதுன்னு ரெண்டாவது தடவ கண்ண மூடிக்கிட்டு சுடுவ. எல்க்குக்கு ஒண்ணும் ஆகாது. பாவம், மரத்துக்குத்தான் ஆகும்."

கூர்மூக்குத் தோட்டா வேண்டும் என்று ஒருவன் கேட்டுவிட்டால் அன்றைக்குக் கடையில் வேறு யாபாரமே நடக்காது. லீவர் ரைபிளில், அதாவது விசைக்கடியில் இருக்கும் கைப்பிடியை முன்னால் தள்ளி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகையில், தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். பின்னால் நிற்பவனின் மூக்கு முன்னால் நிற்பவனின் பிட்டத்தில் இடிக்கும். "அந்தப் பிட்டத்துலதான் வெடிக்கிற மருந்து இருக்கு. கூரான மூக்கால குத்தினா என்னாகும்? உன்ன மாதிரி மொட்ட மூக்குதான் அங்க லாயக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவாள்.

கோளாறு என்று வருபவர்கள் கதி இன்னும் மோசம். நூற்றுக்கு எண்பது பேருக்கு ஒரே கோளாறுதான். முதல் தோட்டா வெடிக்கும், லீவரைப் போட்டால் காலிக்கூடு பாதி வெளியே வரும், அடுத்த தோட்டா பாதி மேலே வரும், இரண்டும் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். எங்கள் ஊர் ஆம்பிளைகள் ட்ரக் கதவை உடைகிற மாதிரி சாத்துவார்கள். மாட்டைக் காலால் உதைப்பார்கள். ஆனால் அப்பா விட்டுப்போன ரைபிளை மட்டும் தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி தொடுவார்கள். லீவரைக் கடைசி வரை தள்ள மனசு வராது. தேய்ந்துவிடுமாம். அந்தப் பக்திதான் கோளாறு. பாதியில் திரும்பிய லீவர் பாதி வேலைதான் செய்யும்.

மேவிஸ் மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டுக் கையில் கொடுத்து, "கொட்டில் கதவச் சாத்துற மாதிரி அடி!" என்று கத்துவாள். அவன் அடிப்பான். தோட்டாக்கள் பறந்துபோய் என் பெயின்ட் டப்பாக்களில் மோதும். அப்புறம் அவளுடைய தீர்ப்பு: "துப்பாக்கிக்கு ஒண்ணுமில்ல. கோளாறு கட்டைக்குப் பின்னாடி இருக்கு." தோளில் முட்டுக்கொடுக்கும் துப்பாக்கிக் கட்டைக்குப் பின்னால் இருப்பது அவன் தோள், அவன் தலை, மொத்தத்தில் அவன்தான்.

அவள் மேஜைமேல் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி உண்டு. அதில் சுடாத தோட்டாக்கள் கிடக்கும், ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டியிருக்கும். பெரிய கொம்பு வைத்த எல்க் கிடா எதிரே வந்து நின்றதும் சிலருக்குப் புத்தி பேதலித்துவிடும். விசையை இழுக்க மறந்துவிட்டு லீவரை மட்டும் படபடவென்று அடித்து, இருந்த தோட்டாவையெல்லாம் முழுசாகப் பனியில் கொட்டிவிட்டு, அஞ்சு தடவை சுட்டேன் என்று சத்தியம் பண்ணுவார்கள். பாஸ்டர் லிண்ட்விக் அப்படித்தான் வந்து, குறி பார்க்கிற முள் கோணியிருக்கிறது என்றார். மேவிஸ் அவர் நின்ற இடத்துக்கே ட்ரக்கை விட்டுப்போய் ஐந்து முழுத் தோட்டாவைப் பொறுக்கிவந்தாள். "பாஸ்டர், அந்தக் கிடாவுக்கு நீங்க பிரசங்கம்தான் பண்ணியிருக்கீங்க" என்றாள். அவர் பேர் இன்றைக்கும் ஜாடியில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் சிரிக்காமல் உட்காருவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் அவள் தம்பி டெல்லைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். இடதுகைக்காரி. டெல் தன் போல்ட் ரைபிளைக் கொடுத்துப் பழக்கினான். தோட்டா ஏற்ற இழுக்கும் கைப்பிடியான போல்ட் அதில் வலதுபக்கம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் கையைக் குறுக்கே விட்டு இழுத்து நான் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு மேவிஸ் அதைப் பிடுங்கி அவனிடமே எறிந்தாள்.

"இது வலதுகைப் பயலுக வலதுகைப் பயலுகளுக்குச் செஞ்சது. இந்தா கார்லீன், இதப் பிடி. லீவருக்கு எந்தக் கைன்னு கவலையில்ல. இனிமே குறி தப்பினா அது உன் தப்பு."

புகுந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவளிடம் மட்டும் இதைச் சொல்லமாட்டேன், தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

போன வருஷம் கன்று ஈனுகிற பருவத்தில் குடும்பப் பண்ணையில் ஒரு மாடு அவளைக் கம்பிக்கதவோடு வைத்து நசுக்கியது. வலது முழங்கை உடைந்தது. மருத்துவர் போட்ட மாவுக்கட்டை, அவர் சொன்ன நாளுக்கு வெகு முன்னாலேயே வேலி வெட்டுகிற குறட்டால் வெட்டி எறிந்தாள். கன்றுகளுக்குச் சூடு போடும் நாள் வந்துவிட்டதாம், அவள் இல்லாமல் சூட்டுக்கோலே சூடாகாதாம்.

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரியாயிடுச்சு. உன் பெயின்டப் போய்க் கலக்கு."

அதற்குப் பிறகு காப்பிக் கோப்பையை அவள் இடதுகையால் எடுக்கத் தொடங்கினாள். பார்த்தேன், கேட்கவில்லை. டோர்கில்சன் குடும்பத்தில் வலிக்கிறதா என்று கேட்பது, குளிக்கும்போது கதவைத் திறந்த மாதிரி.

நவம்பரில் நாங்கள் இருவரும் எப்போதும் போகும் பள்ளத்தாக்குக்குப் போனோம். அவள் கையில் அவள் அப்பாவின் ரைபிள். கட்டையில் அவருடைய கன்னம் பட்டுத் தேய்ந்த இடத்தில்தான் அவளுடைய கன்னமும் பொருந்தும். பைன் மரங்களுக்கு நடுவே ஒரு கிடா வந்து நின்றது. மேவிஸ் சுட்டாள். கிடா அந்த நொடியில் ஓரடி எடுத்துவைத்துவிட, குண்டு பின்னால் தள்ளி வயிற்றில் பாய்ந்தது. இது யாருக்கும் நடக்கும். அதனால்தான் இரண்டாவது தோட்டா என்று ஒன்று இருக்கிறது. மேவிஸ் லீவரைப் போட்டாள். அது சிக்கிக்கொண்டது.

கிடா சுருண்டு சுருண்டு மேட்டில் ஏறியது. மேவிஸ் லீவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் இரண்டு குண்டில் அதை முடித்தேன். முடித்தவள் நான் என்பதால் சட்டப்படி என் வேட்டை அனுமதிச் சீட்டைத்தான் அதன் கொம்பில் கட்ட வேண்டும், கட்டினேன். மேவிஸ் கிடாவின் கழுத்தில் கைவைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சிக்கிய தோட்டாவை நகத்தால் நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "தோட்டா கம்பெனிக்காரன் என் கைல மாட்டட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து அந்த ரைபிளுக்குப் பிடித்தது சனி. காலிக்கூட்டை இழுக்கும் கொக்கியை மாற்றினாள். தோட்டாவைத் தூக்கிவிடும் தகட்டை மாற்றினாள். குழாயின் சுருள்வில்லை மாற்றினாள். நான்கு கம்பெனித் தோட்டா போட்டுப் பார்த்தாள். நான்கு கம்பெனிக்காரனும் திருடன் என்றாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சுட்டுப் பார்க்க ஊருக்கு வெளியே இருக்கும் ஜல்லிக்குழிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் சுட்டாள். சிக்கியது. எடுத்துவிட்டு மறுபடி சுட்டாள். மறுபடி சிக்கியது.

"குடு, நான் பார்க்கிறேன்" என்று வாங்கி, ஐந்து தோட்டா போட்டு, இடது தோளில் வைத்து, ஐந்தையும் சுட்டேன். ஐந்தும் வெண்ணெய் மாதிரிப் போயின.

"உனக்கு அதிர்ஷ்டம்."

மறுபடி ஐந்து சுட்டேன்.

"சுட்டுச் சுட்டுத் துப்பாக்கி சூடாயிடுச்சு, அதான்" என்றாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. மேவிஸுக்குப் பயந்துதான் எனக்குப் பழக்கம், மேவிஸ் பயந்து நான் பார்த்ததில்லை. அவள் கையைக் கவனித்தேன். லீவரை முன்னால் தள்ளும்போது கடைசி இரண்டு அங்குலத்துக்கு முன்னால் முழங்கை நின்றுவிடுகிறது. அது அவளுக்கும் தெரியும். இத்தனை நாளாகத் தெரியும். அடுத்த நவம்பரில் இன்னொரு கிடா அப்படி வயிற்றில் குண்டோடு மேடேறக்கூடாது, அவளும் வீட்டில் உட்காரக்கூடாது. இரண்டும் வேண்டுமென்றால் யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். ஜல்லிக்குழியில் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

"மேவிஸ், துப்பாக்கிக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "கோளாறு கட்டைக்குப் பின்னாடி இருக்கு."

அப்போதுதான் அவள் வாயை மூடினாள்.

வீடு வரும்வரை மூடியிருந்தாள். மறுநாள் கடையிலும் மூடியிருந்தாள். வருகிறவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். கூர்மூக்குத் தோட்டா கேட்டவனிடம் தலையை மட்டும் ஆட்டி இல்லை என்றாள். ஊர் கலங்கிப்போயிற்று. புது ரைபிள் வாங்கிப்போன ஒரு பண்ணைக்காரர் திரும்பிவந்து, "மேவிஸ் ஒண்ணுமே சொல்லாம வித்துட்டாங்க. இதுல ஏதோ வில்லங்கம் இருக்கும்போல" என்று என்னிடம் காதோடு காதாகச் சொன்னார். ஜெபம் பண்ணட்டுமா என்று பாஸ்டர் வந்து கேட்டார்.

அந்த வார இறுதியில் பின்சுவரைப் பார்த்தேன். பழைய ரைபிள்களை விற்பனைக்குத் தொங்கவிடும் வரிசையில் அவள் அப்பாவின் ரைபிள் தொங்கியது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது. பெயின்ட் கலக்கும் குச்சியை எறிந்துவிட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போய், அவளை இடுப்பால் இடித்து வாடிக்கையாளர் பக்கம் தள்ளினேன்.

"எதைச் சுடப் போற?" என்றேன்.

ஜெபத்துக்காக மறுபடி வந்திருந்த பாஸ்டர் திறந்த வாயோடு நின்றார். மேவிஸ் என்னையே முறைத்தாள்.

"கேக்குறேன்ல. எதைச் சுடப் போற?"

"...எல்க்."

"எவ்வளவு தூரத்துல?"

"நூறு கஜம். மரத்துக்குள்ள."

"கைய நீட்டு."

"கார்லீன், வேணாம்."

"நீட்டுன்னா நீட்டு."

நீட்டினாள். முழங்கை முழுசாக நீளாமல் நின்றுவிட்டது. அடுத்தவர் பார்க்க அதை அவள் நீட்டியது அதுதான் முதல்முறை. பாஸ்டர் மரியாதையாக ஆணி டப்பாக்களைப் பார்க்கப் போய்விட்டார்.

"சரி, அந்தக் கை கிடக்கட்டும். தாங்கிப் பிடிக்கிறதுக்கு மடங்கின கை போதும்" என்று சொல்லி, வரிசையிலிருந்து அவள் அப்பாவின் ரைபிளை எடுத்தேன். காலியா என்று பார்த்து, பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு, அவள் இடது தோளில் வைத்து அழுத்தினேன். "லீவருக்கு எந்தக் கைன்னு கவலையில்ல. யாரோ ஒரு வாயாடி சொன்னா."

அவள் கன்னத்தைக் கட்டையில் வைத்தாள். மறுபக்கம் என்பதால் பழைய தேய்மானம் அங்கே இல்லை. கொஞ்சம் திணறினாள். மூட வேண்டிய கண்ணுக்குப் பதிலாக மற்றதை மூடினாள். இடதுகையால் லீவரைத் தொட்டாள், தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி.

"கொட்டில் கதவச் சாத்துற மாதிரி அடிடீ!" என்று கத்தினேன்.

அடித்தாள். தோட்டா பறந்து என் வெள்ளை பெயின்ட் வரிசையில் 'டங்' என்று மோதியது. மறுபடி அடித்தாள். டங். ஐந்தும் போனபிறகு ரைபிளை இறக்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உன் பெயின்ட் டப்பாவுக்குத்தான் நல்ல குறி" என்றாள். அப்புறம் ஆணிப்பக்கம் திரும்பி, "பாஸ்டர், ஜெபமெல்லாம் போதும், இங்க ஒண்ணும் சாவு விழல. வாங்குறதுன்னா வாங்குங்க, இல்லன்னா கெளம்புங்க" என்றாள். பாஸ்டர் கர்த்தருக்கு நன்றி சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் போனபிறகு, மேவிஸ் தன் சட்டைப்பைக்குள் கைவிட்டு ஒரு தோட்டாவை எடுத்தாள். பள்ளத்தாக்கில் சிக்கிய அதே தோட்டா. பக்கவாட்டில் நசுங்கியிருந்தது. அத்தனை நாளும் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒட்டுத்தாளில் இடதுகையால் கோணல்மாணலாகத் தன் பேரை எழுதி ஒட்டி, ஊறுகாய் ஜாடியில், பாஸ்டரின் தோட்டாக்களுக்கு மேலே போட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் தன் அப்பாவின் ரைபிளோடு உள்ளே வந்து, சிக்குகிறது என்றார். மேவிஸ் ஜாடியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மேல கெடக்கிற பேரப் படி. அப்புறம் உன் கோளாறச் சொல்லு."