பச்சை அடித்த செப்புத் தகடு

பிள்ளைகளா, காலையில் நீங்கள் ரெண்டு பேரும் பேட்டரி, பல்பு, வயரை வைத்துக்கொண்டு வீட்டுச் சாமானையெல்லாம் சோதித்தீர்களே, அதிலிருந்தே என் மனசு ஒரு நிலையில் இல்லை. கரண்டிக்குப் பல்பு எரிந்தது. சீப்புக்கு எரியவில்லை. ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்கும் எரியவில்லை. “தகரம்தானப்பா, ஏன் எரியல?” என்று பெரியவள் கேட்டாள். “பெயிண்ட் அடிச்சிருக்குல்ல” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். பதில் சரிதான். ஆனால் பழைய பெயிண்ட் வாடை ஒன்று எங்கிருந்தோ மூக்கில் ஏறிவிட்டது.

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமான புதிது. நான் லோடு தூக்குவேன். அம்மா மருந்து அறையில். மருந்து என்றால் காய்ச்சலுக்குக் கொடுப்பதல்ல, வெடிக்குள் அடைக்கிற பொடி. ஒவ்வொரு அறை வாசலிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போகும், எர்த்து என்போம். தகட்டைத் தொடாமல் யாரும் உள்ளே போகக் கூடாது.

துணி உரச உரச நம் உடம்பில் கொஞ்சம் மின்சாரம் சேரும். கண்ணுக்குத் தெரியாது. செம்பு வழிவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். வழி கிடைக்காவிட்டால் உடம்பிலேயே காத்திருந்து, அடுத்து எதைத் தொடுகிறோமோ அதில் பொறியாகத் தாவும். மருந்துக்கு அந்தப் பொறி போதும். இந்தக் கணக்கெல்லாம் அன்றைக்கு எங்களுக்கு எங்கே தெரியும்? தகட்டைத் தொடாமல் போனால் மருந்து பற்றிக்கொள்ளும் என்பது மட்டும் தெரியும். கோயில் படியைத் தொடுகிற மாதிரி தொடுவோம். சிலர் கையைக் கண்ணிலும் ஒற்றிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனி முழுக்க வெள்ளையடித்தார்கள். கதவு, ஜன்னல் என்று பச்சை அடித்துக்கொண்டே வந்த பெயிண்டர் தகடுகளையும் விடவில்லை. மேலே சந்தனம், குங்குமம் வேறு. லட்சணமாக இருக்கிறதென்று நானும் மெச்சிக்கொண்டேன். எனக்கிருந்த புத்தி அம்புட்டுத்தான்.

மறுநாள் காலை. மழை தப்பிய வறட்டுக் காற்று. அம்மாவின் அறை வாசலில் ரப்பர் செருப்போடு நின்றபடியே தகட்டைத் தொட்டேன். பக்கத்திலிருந்த பித்தளைக் குழாயைத் திருப்பக் கை நீட்டினேன். விரல் நுனியில் சுள்ளென்று கடித்தது. தகட்டைத் தொட்ட பிறகும் கடிக்கிறதே என்று அதை மறுபடி தடவினேன். வழவழவென்று பெயிண்ட். செம்பின் குளிர்ச்சி இல்லை.

உள்ளே அம்மாவும் இன்னொரு அக்காவும் காய்ந்த சாக்கில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் தட்டு நிறைய மருந்து.

மருந்து அறைப் பக்கம் யாரும் கத்த மாட்டார்கள். கத்தினால் உள்ளே இருப்பவர் துள்ளுவார், துள்ளினால் உரசும். குரலை இறக்கிச் சொன்னேன். “ஏபுள்ள, கைய மடியில வச்சுக்கோ. எதையும் தொட்டுராத.”

“காலங்காத்தால பொண்டாட்டியப் பாக்க வந்துட்டீகளாக்கும்?” என்றாள் அம்மா.

“புதுமாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளல” என்று அக்கா சிரித்தார்.

“சிரிக்காதீக அக்கா. தகட்டுல பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான். அது எர்த்துக்குப் போகல.”

சிரிப்பு நின்றது. அம்மா என்னையே பார்த்தாள். அவள் விரலுக்கும் மருந்துக்கும் ஒரு சாண்கூட இல்லை. கை மெல்ல மடிக்குப் போனது.

பின்னாலேயே வந்த ஃபோர்மேன் அண்ணாச்சி தகட்டை ஒரு தடவை தொட்டார். தன் துண்டையும் என் துண்டையும் முடிந்து, தண்ணீரில் முக்கிப் பிழிந்தார். வெளியே மண்ணை நனைத்து ஒரு முனையை அதில் போட்டுக் கல்லை வைத்தார். மறு முனையைத் தரையோடு தரையாக, மருந்தின் பக்கம் ஈரம் போகாமல், அவர்களிடம் தள்ளினார்.

“அவசரமில்ல தாயி. ரெண்டு பேரும் ஈரத்துல உள்ளங்கைய வையிங்க. வச்சுக்கிட்டே இருங்க.”

காய்ந்த துண்டு மின்சாரத்தை மறிக்கும், நனைந்த துண்டு வழிவிடும். அன்றைக்கு நான் கற்ற பாடம் அதுதான். அவர்கள் கை வைத்திருந்த நேரம் முழுக்க நான் வெளியே அந்தக் கல்லை அழுத்திப் பிடித்திருந்தேன்.

“இப்ப எந்திரிச்சு வாங்க.”

அம்மா வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். “நல்லா அடிச்சான் பச்சை” என்றாள். பிறகுதான் அழுதாள். அண்ணாச்சி எல்லா அறையையும் காலி பண்ணி, தகடுகளைக் கழற்றித் தூரமாகக் கொண்டுபோய்ச் செம்பு தெரிகிற வரை தேய்க்க வைத்தார். அதற்குப் பிறகு எந்தப் பூஜைக்கும் அதில் சந்தனம் வைக்க யாரும் துணியவில்லை.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. அறைகளுக்குள் கருவேலம் முளைத்திருக்கிறது. தகடுகளை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள், வாசலில் திருகாணி ஓட்டைகள்தான் மிச்சம். அண்ணாச்சியும் இல்லை. அம்மா வேலையை விட்டு எம்புட்டோ காலமாச்சு. ஆனாலும் தண்ணீர்க் குடத்தோடு வருகிறபோது நம் கேட்டுக் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். “அம்மா கேட்டுக்கு வணக்கம் வைக்காங்க” என்று நீங்கள் கேலி பண்ணுவீர்களே, அதுதான். பொங்கலுக்கு அந்தக் கேட்டுக்கும் நீலம் அடித்துவிட்டோம்.

இன்றைக்கு நீங்கள் விளையாடப் போன பிறகு, கத்தியை எடுத்துக்கொண்டு போய், அவள் கை படுகிற இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டினேன். இரும்பு தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.