பஸ்ஸில் பார்த்த படம்

மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் என் வாய் மூடாது. நாள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் மருந்துக் குப்பிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் பேசக் கிடைக்கும் நேரம் அதுதான். பேச்சு பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளாத படங்களையும் புத்தகங்களையும் பற்றி இருக்கும். மீன் விற்கும் பெண் எழுதிய நாவல், திருநங்கை ஒருவரின் வாழ்க்கைக் கதை, காட்டில் வாழ்கிறவர்கள் தாங்களே எடுத்த படம். புத்தகத்தைக் கொடுத்தால் கொஞ்ச நாள் பையில் சுமந்துவிட்டுப் பிரிக்காமலே திருப்பித் தருவார்கள். படத்தின் லிங்க் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டுவார்கள். வெறுத்துப்போய்க் கதையையே சொல்ல ஆரம்பித்தேன். பாதி தமிழ், பாதி கன்னடம், நடிப்பு இலவசம். அதற்கு மட்டும் எல்லோருக்கும் காது இருந்தது.

அவற்றில் ஒரு படம் எனக்கு உயிர். தேயிலைத் தோட்ட லயக் குடியிருப்பில் பிறந்த பெண் எடுத்தது. கொழுந்து பறிக்கும் தாய், மகளைத் தூரத்து விடுதியில் சேர்த்துவிட்டுத் தனியாகத் திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை. பஸ் ஸ்டாப்பில் அவள் உடைந்து அழுவதை நான் சொன்ன அன்று, என் சத்தத்துக்கு எப்போதும் ஹாரனால் பதில் சொல்லும் ராமாபுரத்து டிரைவர்கூடச் சும்மா இருந்தார்.

அந்தப் படத்தை மைசூரில் ஒரு சின்ன அரங்கில் ஞாயிற்றுக்கிழமை திரையிட, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். இயக்குநரே வருவதாகச் சொல்லியிருந்தார். அரங்குக்காரர் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்: நாற்காலி காலியாகக் கிடந்தால் இந்த மாதிரிப் படங்களுக்கு இனி இடம் கிடையாது. நான் பஸ்ஸில் எல்லோரையும் கூப்பிட்டேன்.

"அது பாத்தாச்சு அல்லவா மேடம்?" என்றார் பக்கத்து இருக்கை ஸ்டோர்ஸ் பெண்மணி. கன்னடக்காரர், என்னோடு பேசிப்பேசியே தமிழ் கற்றவர்.

"எப்போ பாத்தீங்க?"

"நீங்கதானே காட்டினீங்க!"

பஸ் முழுக்கத் தலையாட்டியது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து அவர் ஒருவர்தான் வந்தார், என் முகத்துக்காக. அரங்கில் பாதிகூட நிறையவில்லை. படம் முடிந்து இயக்குநர் கேள்வி கேட்கச் சொன்னதும் ஸ்டோர்ஸ் பெண்மணி எழுந்தார். "பஸ் ஸ்டாப்ல இந்தம்மா அழுவாங்கன்னு எங்க மேடம் சொன்னாங்க. அழவே இல்லையே, யாக்கே, ஏன்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனையோ முறை பார்த்த படம். அவள் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். என் மகளைக் கோயம்புத்தூர் விடுதியில் விட்டுவிட்டு வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதவள் நான். அந்த அழுகையைக் கொண்டுபோய் அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

இயக்குநர் சாதாரணமாகச் சொன்னார்: "அழுதுக்கிட்டிருந்தா பஸ்ஸ விட்ருவாங்க. எங்க மலைக்கு அதுதான் கடைசி பஸ்."

அரங்குக்காரர் விளக்கை அணைக்க ஆரம்பித்தார். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு கொடுங்கள் என்று அவர் பின்னாலேயே போனேன். தொல்லை விட்டால் போதும் என்று தலையாட்டினார்.

மறுநாள் பஸ் கிளம்பியதும் ஸ்டோர்ஸ் பெண்மணி எழுந்து நின்றார். "மேடம் சொன்ன படம் வேற, அங்க ஓடின படம் வேற. அந்தம்மா அழவே இல்ல!"

"அப்போ நாம இன்னும் பாக்கலையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தங்கள் பாக்கெட்டில் கைவிட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். அழாவிட்டால் வேறு என்ன செய்வாள் என்று குடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்; அதற்குமேல் நஞ்சன்கூடு வரும்வரை என் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். திரையில் பஸ் வந்தது. தாய் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் டிரைவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அரங்குக்காரரே அடுத்த மாதம் என்ன படம் என்று கேட்டார். சந்தோஷத்தில் கையை விரித்து ஆரம்பிக்கப் போனேன். கண்கள் சிவந்திருந்த டிரைவர் குறுக்கே வந்து நின்றார்.

"பேரை மட்டும் சொல்லுங்க மேடம். கதையச் சொல்லிப்போடாதீங்க."