நடக்கப் பழகிய ரேஸ் கார்

ஓடாத வண்டியை ஓட வைக்கச் சொல்லித்தான் என் ஷெட்டுக்கு ஆட்கள் வருவார்கள். ஓடுகிற வண்டியை நடக்க வைக்கச் சொல்லி வந்தவர் அவர் ஒருவர்தான்.

கம்மாபுரம் பக்கத்துக்காரர். அவர் அக்காள் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஆசைப்பட்டு ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வைத்திருந்தான். இரண்டே பேர் உட்காரும் வண்டி. அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், தாய்மாமன் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து என் ஷெட்டு வாசலில் இறக்கினார்.

"மாப்ள அழைப்பு பெரிய கோயில்லேர்ந்து மண்டபம் வரிக்கும். மேளத்துக்குப் பின்னாடி நடக்குற மாரி போவணும். வழியில நின்னுச்சு, பொண்ணு வூட்டுக்காரன் சிரிப்பான். அப்புறம் நான் ஊருல தல காட்ட முடியாது, ஆமா."

அந்த எஞ்சினில் பிஸ்டனே கிடையாது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல முக்கோணமாக ஓர் இரும்பு உள்ளே சுற்றும். வேகமாகச் சுற்றினால் அதற்குச் சந்தோஷம். மெதுவாகச் சுற்றச் சொன்னால் இருமும், குலுங்கும், அணைந்துவிடும். போதாததற்கு, ரேஸுக்கான பெரிய கார்புரேட்டரை யாரோ அதில் ஏற்றியிருந்தார்கள். புலி பசித்தாலும் புல் தின்னாது என்பார்கள். எனக்கு வந்த வேலை அதற்குப் புல் ஊட்டுவது.

நான் ஐந்தாவதுவரைதான் படித்தவன். அதைவிடப் பெரிய குறை, எதிரில் நிற்பவரிடம் மறுத்துப் பேச எனக்கு வராது. தலையாட்டிவிட்டேன்.

சூளையில் வெந்து கோணிப்போன பீங்கான் கோப்பைகளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. அவற்றில் பெட்ரோல் ஊற்றி, கழற்றிய பாகங்களை ஊறப்போட்டுத் தேய்த்து மாட்டினேன். வண்டிக்கு நிதானம் வரவில்லை. கடைசியில், ஒரு பழைய வேனின் சின்ன கார்புரேட்டரை, லேத்தில் தகடு கடைந்து அடியில் கொடுத்துப் பொருத்தினேன். வண்டியின் வேகம் அத்தனையும் போயிற்று. பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் முகம் செத்துவிட்டது. மாமன் கைதட்டினார்.

"எருமையாட்டம் போவுதுப்பா! சூப்பரு!"

ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடும். அந்தக் கால் என் கால்தான் என்று மாமன் முடிவு செய்தார். கிரீஸ் சட்டையோடு உட்காரக்கூடாது என்று ஒரு பட்டுச் சட்டையும் வாங்கி வந்து மாட்டிவிட்டார். தெரிந்தவர் எதிரில் வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிறவன் நான். ஊரே வேடிக்கை பார்க்க, பூ ஜோடித்த காரில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாதி வழியில் பெட்ரோல் வாடை வந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளவோடு நிறுத்தும் மிதவை சிக்கிக்கொண்டு பெட்ரோல் வழிகிறது. முன்னால் மாமன் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒருவர் சரவெடியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கே தட்டினால் நிற்கும் என்று மாப்பிள்ளையின் காதில் சொல்லி, என் ஸ்பேனரைக் கொடுத்தேன். அவன் குதித்திறங்கி பானெட்டைத் திறந்து, ஸ்பேனரின் பின்பக்கத்தால் கார்புரேட்டரைத் தட்டினான். வழிவது நின்றது. பிறகு வெடிக்காரரிடம் ஓடினான்.

"அண்ணே, பத்த வைக்காதீங்க! வண்டி எரிஞ்சிடும்!"

"யாருப்பா நீ? மாப்ள வூட்டுல வெடி வுடச் சொன்னாங்க!"

"நான்தாங்க மாப்ள!"

கையெல்லாம் கறுப்பு, நெற்றியில் எண்ணெய். வெடிக்காரர் நம்பவில்லை. ஆனாலும் வண்டி எரியும் என்றதற்குப் பயந்து, சரத்தைத் தள்ளி ஓரமாகக் கொண்டுபோய்த்தான் வெடித்தார். மறுபடி வழிந்தால் தட்டவேண்டுமே என்று, மீதி வழியெல்லாம் ஸ்பேனரும் கையுமாகக் காருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தான். காலை எடுக்க முடியாத நான் மட்டும் காருக்குள். மாமன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி அணையாமல் மண்டபத்து வாசலுக்கு வந்து நின்றது. பெண் வீட்டார் யாரும் சிரிக்கவில்லை. ஆரத்தித் தட்டோடு வந்த அம்மாள் மாப்பிள்ளையை முன்பின் பார்த்ததில்லை போல; எனக்கு மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாய் வந்தால்தானே!

"பாத்தியா, கெத்தா வந்து நின்னுச்சு!" என்று மாமன் என் முதுகில் அறைந்தார்.

பந்தியில், கல்யாணத்துக்கு வந்திருந்த என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்குக் கண்ணில் தண்ணீர்.

"ஏங்க, பொண்ணு வூட்டுல பேசிக்கிறாங்க. மாப்ள அடக்கமா நல்லாத்தான் இருக்காராம். வயசுதான் கொஞ்சம் கூடயாம்."

பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன்.