நேர்ச்சையா, துஷ்டியா?

உங்கள் அப்பா வீட்டில் உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் செத்துப்போனதற்காக யாராவது உங்கள் வீட்டு வாசலில் வந்து அழுதிருக்கிறார்களா? எங்கள் வீட்டில் அழுதார்கள். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, பாதித் தெரு. காரணம், கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ செத்துப்போன ஒரு ஹெவி மெட்டல் பாடகர்.

அவர் பேரைச் சொன்னால் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. மீதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அதனால் பேர் வேண்டாம். எங்களுக்கு அவர் கடவுள், அவ்வளவு போதும்.

எங்களுக்கு என்றால் மூன்று பேருக்கு. நான், என் அண்ணன், அண்ணனின் கூட்டாளி. கூட்டாளி கடற்கரை ஊர்க்காரன். கப்பலில் வேலை பார்த்த அவன் மாமா ஊருக்கு வரும்போது கொண்டுவந்த ஒரு சிடிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அது கீறல் விழுந்து தேயும்வரை கேட்டோம். அப்புறம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு பாட்டு இறங்குவதற்கு ஒரு மத்தியானம் முழுக்கக் காத்திருந்தோம். பாதியில் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொன்னால் புரியாது, விடுங்கள்.

நான் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். அண்ணன் அதே காலேஜில் கடைசி வருஷம். காலேஜ் பஸ்ஸில் ஒரே இயர்போனில் ஆளுக்கொரு காது. வாழைத்தோட்டத்துக்குள் நின்று அண்ணன் அடித்தொண்டையில் உறுமிப் பழகுவான். அம்மா அதை இருமல் என்று நினைத்து மூன்று மாதம் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவனும் குடித்தான். தொண்டைக்கு நல்லதுதானே.

அவனுடைய பெரிய சொத்து முடி. தோளைத் தாண்டி, கறுகறுவென்று. நான் பெண்பிள்ளை, எனக்கு அதில் பாதி கிடையாது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது அவன் தலையைச் சுழற்றினால் ஃபேன் தேவையில்லை.

அப்பா கணக்கு வாத்தியார். அவருக்கு அந்த முடியைப் பார்த்தாலே ரத்தக்கொதிப்பு. இது சும்மா சொல்கிற பேச்சு இல்லை, நிஜமாகவே அவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. கேம்பஸ் இன்டர்வியூ வந்தபோது முடியை வெட்டச் சொன்னார். அண்ணன் மாட்டேன் என்றான். ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு, "இந்த வீட்டுல ஒண்ணு அந்த முடி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு என் வழியாகப் பேசினார்கள். "ஒங்க அண்ணங்கிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லு." "அப்பாட்ட சொல்லு, நிறுத்தியாச்சு." நான் நடுவில் டிரான்ஸ்பார்மர் மாதிரி.

கொஞ்ச நாளில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் பைபாஸ் செய்தோம். நெஞ்சை நடுவில் பிளந்து கம்பி போட்டுத் தைத்துவிட்டார்கள். இருமினாலும் சிரித்தாலும் ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணன் அத்தனை நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கிடந்தான். ஆனால் அப்பா விழித்திருக்கும்போது உள்ளே வரமாட்டான். அவர் தூங்கினபிறகு வந்து கட்டில் ஓரத்தில் நிற்பான். ஒன்று முடி, இல்லை நான் என்று அவர் சொன்னது அவன் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

அப்பாவை ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இருட்டினபிறகு, காரில். கொஞ்ச நாளைக்கு ஆள்கூட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அம்மா யாருக்கும் மூச்சுவிடவில்லை. ஊரைப் பொறுத்தவரை அப்பா இன்னும் திருவனந்தபுரத்தில்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் கூட்டாளியிடமிருந்து அண்ணனுக்கு போன். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எடுத்ததும் அந்தப் பக்கம் அழுகை. "மக்கா, அவரு போயிட்டாருல."

அண்ணன் போனைப் போட்டுவிட்டு அப்பா அறைக்கு ஓடினான். அப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்து, மறுபடி போனை எடுத்து, யாருல போனது என்று கேட்டான். பதில் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

பிரவுசிங் சென்டருக்குப் போய் உறுதி செய்துகொண்டோம். உலகம் முழுக்க மெழுகுவத்தி, பூ, கறுப்புச் சட்டை. எங்கேயோ ஒரு ஊரில் ஆயிரக்கணக்கான பேர் மழையில் நின்று கை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் நாங்கள் மூன்று பேர், கூட்டாளியின் ஊர்க் கடற்கரையில், உலர்த்தப் போட்டிருந்த வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். செல்போனில் அவர் பாட்டு. அந்த ஸ்பீக்கரில் அது கொசு பாடுகிற மாதிரிக் கேட்டது. அதற்கும் அழுகை வந்தது.

கூட்டாளி அதற்குள் மாதா கோயிலுக்குப் போய் அவர் ஆத்துமாவுக்குப் பூசை சொல்லிவிட்டு வந்திருந்தான். பேரை எழுதுகிறவர் மூன்று தடவை கேட்டாராம். மறுநாள் பூசையில் சாமியார் வாசித்தபோது, யாரோ போர்ச்சுகல் புனிதர் போல என்று நினைத்து முன்வரிசைப் பாட்டிகள் சிலுவை போட்டுக்கொண்டார்களாம்.

"எங்க ஆளுவளுக்குப் பூசை உண்டு," என்றான் கூட்டாளி. "ஒங்க ஆளுவளுக்கு என்ன உண்டு?"

"மொட்டை," என்றான் அண்ணன்.

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மெட்டல் கேட்கிறவன் மொட்டை போட்டால் அப்புறம் தலையை ஆட்டி என்ன பிரயோஜனம், லூசா உனக்கு என்று கேட்டேன். அவருக்குக் கொடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்குட்டி என்று கேட்டான். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவன் நேராக எங்கள் ஊர் முக்கு சலூனுக்குப் போயிருக்கிறான். நடந்தது பிறகு அவனும் மற்றவர்களும் சொன்னது. சலூன் அண்ணாச்சிக்கு எங்கள் குடும்பத்தை மூன்று தலைமுறையாகத் தெரியும். மொட்டை போடணும் என்று அண்ணன் சொன்னதும் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"நேர்ச்சையா தம்பி, துஷ்டியா?"

எங்கள் ஊரில் மொட்டை இந்த ரெண்டு வகைதான். சாமிக்கு நேர்ந்துகொண்டால் நேர்ச்சை. வீட்டில் சாவு விழுந்தால் துஷ்டி. நேர்ச்சைக்குத் தலை மட்டும். துஷ்டிக்கு மீசையும் சேர்த்து. அண்ணனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஒருத்தர் செத்துப்போயிருக்கிறார்.

"துஷ்டிதான் அண்ணாச்சி," என்றான்.

அண்ணாச்சியின் கை நின்றுவிட்டதாம். ஒன்றும் கேட்கவில்லை. தலையை எடுத்தார், மீசையை எடுத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்தச் சாவு வீட்டுக்கும் முதலில் ஆள் போய்க் கூப்பிடுவது அவரைத்தான். வாத்தியார் சாவுக்குத் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவருக்கு உள்ளுக்குள் வருத்தம் வேறு. திருவனந்தபுரத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள் போல என்று அவரே முடிவு செய்துகொண்டார். அண்ணன் கூட்டாளியின் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கேயோ சுற்றப் போய்விட்டான். அண்ணாச்சி ஷட்டரை இறக்கினார். பகலில் சலூன் ஷட்டர் இறங்கினால் முக்கில் நாலு பேர் கேட்பார்கள். கேட்டார்கள்.

வீட்டில் அப்பா முன்னறையில் சேரில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வெளியே பத்துப் பதினைந்து பேர் வருகிற சத்தம். முன்னால் அம்மாவின் தங்கை, அடுத்த தெருச் சித்தி, முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "எத்தான், எங்கள விட்டுட்டுப் போயிட்டியளே" என்று நெஞ்சில் அடித்தபடி படியேறி உள்ளே வந்தாள். வந்தவள் எத்தானைப் பார்த்தாள். எத்தான் கையில் ஸ்பூன்.

அந்த மாதிரி ஒரு மௌனத்தை நான் அதற்கப்புறம் எந்தப் பரீட்சை ஹாலிலும் பார்த்ததில்லை.

அப்பாதான் முதலில் பேசினார். "யாரு போனது?"

சித்தி முடியை மெதுவாகக் கொண்டை போட்டாள். சலூன் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, மறுபடி எடுத்துத் தோளில் போட்டார். சரியாக அந்த நேரத்தில் அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பளபளவென்று மொட்டை, மீசையில்லாத மேலுதடு. அவித்த முட்டை மாதிரி இருந்தான்.

அப்பா அவனையே பார்த்தார். அவர் கை தலையணையைத் தேடியது. யாருக்காக எடுத்தான் என்று இப்போது யாராவது கேட்டால் அவன் உண்மையைத்தான் சொல்வான், அவனுக்குப் பொய் வராது. எவனோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக்காரனுக்குக் கொடுத்த முடியை, அப்பா அத்தனை தடவை சொல்லியும் அவருக்குத் தரவில்லை என்று ஆகிவிடும். அதுவும் நெஞ்சில் தையல் காயாத மனுஷனிடம்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். ஒரு பார்வையில் எல்லாம் பிடிபட்டுவிட்டது அவளுக்கு.

"நேர்ச்சையாக்கும்," என்றாள். "அப்பனுக்கு சொகமானா முடி தாறேன்னு மண்டைக்காட்டம்மைக்கு நேந்திருந்தான். அவனுக்கு சொல்லத் தெரியல, பாவம். எல்லாரும் இரிங்க, சாயா போடுகேன்."

கூட்டம் மூச்சுவிட்டது. சலூன் அண்ணாச்சி மட்டும் அண்ணனின் மேலுதட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சாயாவை வாங்கிக் குடித்தார்.

எல்லாரும் போனபிறகு அப்பா கூப்பிட்டார். என்னை இல்லை. நேராக அவனை. "மக்கா, தலையில எண்ணெய் வச்சுக்கோ. வெயிலு சுடும்."

மாதக்கணக்கில் அவனிடம் பேசாத மனுஷன். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. மக்கா சாப்பிட்டியா, மக்கா இந்த மாத்திரையை எடு, மக்கா அந்த இன்டர்வியூ போனா போகுது. நான் டிரான்ஸ்பார்மர் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகிவிட்டேன். ஆனால் அண்ணன் நாளுக்கு நாள் சுருங்கிப்போனான். கிணற்றடியில் வைத்து என்னிடம், சொல்லப் போறேன் என்றான். சொன்னால் அந்தத் தையல் தாங்காது, வாயை மூடிக்கொண்டு இரு என்று நான் சண்டை போட்டேன்.

"பேசுகாருட்டி," என்றான். "ஆனா எங்கிட்ட இல்ல. அவருக்கு முடி குடுத்த எவங்கிட்டயோ பேசுகாரு."

அப்பா நடக்க ஆரம்பித்ததும் மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்குப் போனோம். நேர்ச்சை என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, போகாமல் இருக்க முடியாது. அம்மா அம்மனிடம் தனியாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்று மண்டையப்பம் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைக்கிறேன். தலைவலிக்குப் படைக்கிற அப்பம் அது. எங்கள் வீட்டுக்குப் பொருத்தம்தான்.

அப்பாவும் நாங்கள் ரெண்டு பேரும் கோயிலுக்கு முன்னால் கடல் மணலில் உட்கார்ந்தோம். அப்பா மடியில் தலையணை. அண்ணனுக்குத் தலையில் கறுப்பு மணல் தூவின மாதிரி முடி முளைத்திருந்தது. நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அப்பா. அது ஒங்களுக்கு எடுத்த முடி இல்ல."

அப்பா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்."

"அம்மை சொன்னாளா?"

"நேர்ச்சைக்கு எவம்ல மீசைய எடுப்பான்?"

அலை வந்து போனது. அப்பா யாருக்கு என்று கேட்டார். அண்ணன் சொன்னான். அந்தப் பாடகரைப் பற்றி, குரலைப் பற்றி, கீறல் விழுந்த சிடியைப் பற்றி, கூட்டாளி சொன்ன பூசையைப் பற்றி. அவன் அப்பாவிடம் ஒரேயடியாக அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா அந்தப் பாடகருக்கு எத்தனை வயது, பிள்ளைகள் உண்டா என்று மட்டும் கேட்டார். அப்புறம் மடியிலிருந்த தலையணையைத் திருப்பி வைத்தார்.

"எனக்குன்னா எடுப்பியா?"

அண்ணன் மொட்டையைத் தடவினான். "இப்ப இல்லியேப்பா."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். சிரிக்க வைக்காதல என்று கையால் தடுத்தார். அடங்கினபிறகு அவன் தலையில் கையை வைத்தார்.

"வளத்துக்கோ. எனக்கு எடுக்கது வரைக்கும் வேற எவனுக்கும் எடுக்காத."

அண்ணன் முடி இப்போது இடுப்பைத் தொடுகிறது.